புகைக்கு ஆகாத பெட்டி

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கவுஞ்சியில் நண்பர் ஒருவர் வீட்டுச் சமையலறையில் அண்ணாந்து பார்த்தால் விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கும். கீழே விறகடுப்பு. புகை ஏறினால்தான் பூண்டு அடுத்த நடவு வரை கெடாமல் தாங்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். அந்தப் பரணின் ஓரத்தில், கதகதப்பாக இருக்குமே என்று தன் நாஸ் பெட்டியையும் வைத்திருந்தார் மனிதர். திறந்து பார்த்தோம். விசிறியின் இறக்கையெல்லாம் பிசுபிசுவென்று கரி. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. “பூண்டுக்கு ஆவுறது இதுக்கு ஆவலியே” என்று சிரித்தார்.

நாஸ் என்பது திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு சின்னக் கணினி. வீட்டு ரவுட்டரோடு கம்பியால் சேர்த்துவிட்டால் எல்லோருடைய போனிலும் லேப்டாப்பிலும் உள்ள படங்களும் ஆவணங்களும் அதில் போய்ச் சேரும். உள்ளே பெரும்பாலும் இரண்டு ஹார்ட் டிஸ்க். சுருக்கமாகச் சொன்னால் பெட்டி முழுக்க இந்த இரண்டுக்கும் சேவகம் செய்யத்தான் இருக்கிறது.

பல ஹார்ட் டிஸ்க்குகளில் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. தட்டின் விளிம்பு போகும் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டி வரும். கொடைக்கானல் மலைப்பாதையில் எந்தப் பேருந்துக்கும் கிடைக்காத வேகம். படிக்கும் முனை தட்டைத் தொடுவதே இல்லை. சுழற்சியில் எழும் மெல்லிய காற்றுப் படுகையின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே மிதக்கும் மெத்தை கொஞ்சம் மெலிகிறது. சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உயர வரம்பு 3,000 மீட்டர் அளவில் இருப்பதால் மேல்மலைக் கிராமங்களுக்குப் பயமில்லை.

பயப்பட வேண்டியது ஈரத்துக்குத்தான். பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நடந்து வரும் ஊர் அது. சில்லென்று கிடக்கும் உலோகத்தின் மேல் ஈரக்காற்று பட்டால் பனித்துளி கோக்கும். மார்கழி, தை ராத்திரிகளில் கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாஸை அணைத்துவிட்டு, காலையில் உறைபனிக் குளிரில் முடுக்குவதுதான் இங்கே பெரிய தப்பு. ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டி தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். அடுப்பும் ஈரச் சுவரும் இல்லாத அறையில், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டு, சும்மா ஓட விட்டுவிடலாம். கூடவே ஒரு யூ.பி.எஸ். கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு பாதியாகவே நிற்கும்.

இரண்டு டிஸ்க் இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று என்று பலரும் தெம்பாக இருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குக் கண்ணாடிப் பிம்பம் என்றே பெயர். கண்ணாடி முன் நின்று மீசையை எடுத்தால் கண்ணாடியிலும் மீசை இருக்காது. தவறி அழித்த படம் இரண்டிலும் சேர்ந்தே அழியும். இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். 2022-இல் டெட்போல்ட் என்ற பணம்பறிப்பு நிரல், இணையத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. அப்போதும் பிம்பத்தால் ஒரு உபயோகமும் இல்லை.

இடம் பற்றாமல் 2 டெராபைட் டிஸ்க்குகளை 4 டெராபைட்டாக மாற்றுவதற்கும் இந்தப் பிம்பம்தான் வழி. முதலில் தனியாக ஒரு பிரதி. பிறகு ஒரு டிஸ்க்கை மட்டும் உருவிப் புதியதைச் செருகினால், மிச்சமிருப்பது தன்னிடம் உள்ளதையெல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுக்கும். சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அது முடியும் முன் அடுத்ததைத் தொடவே கூடாது. வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கிளப்ப வேண்டும் அல்லவா? எழுதுவது இழுத்துக்கொண்டே போகும். நாஸுக்கு சி.எம்.ஆர். வகைதான் சரி.

இதே மலையில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்த ஒளிப்படத் தட்டுகள் இருக்கின்றன. நூற்றாண்டு கடந்தும் அவை படிக்கக் கிடைத்ததால் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அவற்றைக் கணினிக்குள் ஏற்ற முடிந்தது. அந்த ஆயுசு எந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் கிடையாது. விதைப்பூண்டு மாதிரி, பழையது வற்றும் முன் புதியதில் நட்டுக்கொண்டே இருந்தால்தான் சேமித்தது தொடரும்.

தனிப் பிரதி வேறு ஊரில் இருப்பது உத்தமம். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 2 டெராபைட்டை இணையம் வழியே அனுப்ப 18 நாளுக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால். நண்பர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டிஸ்க்கை காற்றுப்புகாத பையில் போட்டு, போர்வையில் சுற்றி, பேருந்தில் வத்தலக்குண்டு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகிறார். “என்னப்பா, வந்ததும் பிரிக்காம வச்சிருக்க?” என்று கேட்டாராம் அக்கா. மலைக்குளிர் தங்கிய டிஸ்க்கை கீழ்நாட்டு வெக்கையில் சட்டென்று பிரித்தால் வியர்த்துவிடும். அடுத்த நாள் காலைவரை அது பீரோவில் மூடியே கிடக்கும்.