ஆறு கம்பி, ஒரே விரல்: பார் கார்டு பற்றி இதெல்லாம் தெரியுமா?

கிட்டார் கற்பவர்கள் சி, ஜி, டி, இ மைனர் என்று உற்சாகமாக வாசித்துக்கொண்டே வந்து, ஒருநாள் எஃப் மேஜரில் முட்டி நிற்பார்கள். ஆட்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைக்க வேண்டும்; இதுதான் பார் கார்டு. இசைக்குப் பதில் 'டப் டப்' என்று அடைத்த சத்தம்தான் வரும். விரலில் பலமில்லை என்று பலர் அதோடு கிட்டாரை உறையில் போட்டு மூடிவிடுகிறார்கள். ஐயோ, அவசரப்படாதீர்கள்! அந்த விரல் ஆறு கம்பிகளையும் அழுத்தவே தேவையில்லை, தெரியுமா?

எண்ணிப் பாருங்கள். ஐந்தாம், நான்காம் கம்பிகளை மோதிர விரலும் சுண்டுவிரலும் மூன்றாம் ஃப்ரெட்டில் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாம் கம்பி நடுவிரலின் பொறுப்பு. ஆட்காட்டி விரலுக்கு மிஞ்சுவது ஒன்று, இரண்டு, ஆறு என மூன்றே கம்பிகள்! நடுவிலுள்ள மூன்றின் மேல் அது சும்மா படுத்திருந்தால் போதும். எஃப் மைனருக்கு நடுவிரலை எடுத்துவிடுவதால் மூன்றாம் கம்பியும் இதன் தலையில் விழும், அப்போதும் நான்குதான்.

இன்னொரு ஆச்சரியம்: விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசையே கிடையாது! அந்தப் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. தசைநாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. ஆகவே கட்டைவிரலால் கழுத்தை நசுக்குவது வீண். முழங்கையை உடம்போடு சற்றே சேர்த்து, கையின் எடையாலேயே கழுத்தைப் பின்னுக்கு இழுங்கள். ஆட்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தை ஃப்ரெட் கம்பியை ஒட்டி வையுங்கள். மெத்தென்ற சதையில் புதைந்த கம்பி பேசாது, எலும்போரத்தில் பேசும்.

எல்லாருக்கும் எஃப் மேஜரே முதல் சோதனையாக வருகிறதே, பார் கார்டுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று அதுதான் என்று தெரியுமா? பக்கத்திலேயே, கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் இருப்பதால் கம்பி அங்கே எளிதில் வளையாது. இடைவெளியும் அதிகம். 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர். பன்னிரண்டாவதன் அகலம் 19 மட்டுமே! அதே பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்தால் ஏ மேஜர். கை எவ்வளவு இளகுகிறது பாருங்கள். எளிதான இடத்தை விட்டுவிட்டுக் கடினமான இடத்தில் தொடங்கவைக்கும் பாடமுறை எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு ஃப்ரெட் ஏறினால் அரைச்சுரம் கூடும். அதிர்வெண் ஏறத்தாழ 5.9 சதவீதம் உயரும். பன்னிரண்டு ஏறினால் சரியாக இரட்டிப்பு. அப்படியென்றால் ஒரே பிடியில் பன்னிரண்டு மேஜர் கார்டுகளும் உங்கள் கையில்! நடுவிரலைத் தூக்கினால் பன்னிரண்டு மைனர்கள்!

மேதைகள் செய்ததைக் கேளுங்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பல இடங்களில் முழு பார் பிடிக்காமல், கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்து ஆறாம் கம்பியைப் பிடித்தார். பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுறை செய்துகொண்டு மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். அவருடைய பிளாக் சபாத் இசைக்குழுவின் கனத்த ஒலி அந்தக் கையிலிருந்து பிறந்தது!

என்னை மிகவும் நெகிழவைப்பவர் கனடாவின் ஜோனி மிட்செல். ஒன்பது வயதில் போலியோ தாக்கி இடக்கை பலவீனமானது. அவர் கிட்டாரின் சுருதியையே மாற்றிவிட்டார்! கம்பிகளைத் திறந்தபடி மீட்டினாலே கார்டு ஒலிக்கும்படி திருகிக்கொண்டால், ஒரு விரலைக் குறுக்கே வைத்ததும் அடுத்த மேஜர் கார்டு. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகளை அவர் கையாண்டார்.

உறைக்குள் கிடக்கும் கிட்டாரை இன்றே வெளியே எடுங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்குங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முதல் ஃப்ரெட்டில் மட்டும் விடாமல் அடம்பிடித்தால், நட்டின் உயரத்தைப் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். குறை உங்கள் விரலில் இல்லாமலே இருக்கலாம்.