பல் மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாடும் கழிவு அகற்றலும்

பல் சிகிச்சையின்போது இரத்தம், உமிழ்நீர், தண்ணீர், கருவிகள் ஆகியவற்றின் வழியாக நோய்க்கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவாமல் தடுக்கும் நடைமுறைகளே பல் மருத்துவத் தொற்றுக் கட்டுப்பாடு எனப்படுகின்றன. நோயாளி மட்டுமல்லாமல் மருத்துவர், உதவியாளர், பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்பவர், கழிவுப் பையைத் தூக்கிச் செல்லும் தொழிலாளி எனப் பலர் இதில் அடங்குவர். பல் பிடுங்குவதும் வேர் சிகிச்சை செய்வதும் சிறு வேலைகள் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஈற்றைக் கிழிக்கும் ஒவ்வொரு சிகிச்சையும் ஓர் அறுவை சிகிச்சைதான்.

வாணியம்பாடி நிகழ்வு

2022-23 காலப்பகுதியில் வட தமிழ்நாட்டிலிருந்து மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோயுடன் 21 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களில் 10 பேர், திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற ஆய்வு 2025இல் வெளியானபோதுதான் இந்தச் செய்தி பரவலாகத் தெரியவந்தது.

நோய்க்குக் காரணம் பர்கோல்டேரியா சூடோமல்லை என்னும் பாக்டீரியா. இது வெப்பமண்டல நாடுகளின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. வழக்கமாகக் காலில் உள்ள காயம் வழியாக உடலுக்குள் நுழையும். இங்கே அது சலைன் பாட்டிலில் இருந்தது. ஈற்றை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியால் பாட்டிலைத் திறந்து, மிச்சமிருந்ததைப் பஞ்சால் தளர்வாக மூடிவைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். பல்லைச் சுற்றியுள்ள நரம்பின் கிளைகள் மூளைத் தண்டோடு தொடர்புடையவை. வாயில் நுழைந்த கிருமி அந்த வழியே மேலேறியிருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது, தவறு மிகச் சாதாரணமாக இருந்தது என்பதுதான். சலைனில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. திறந்த கணத்திலிருந்து அது வெறும் உப்புநீர். 500 மி.லி. பாட்டிலில் பாதி மீந்தால் கொட்ட மனம் வருவதில்லை. இந்தச் சிக்கனத்துக்கு எளிய மாற்று உண்டு: ஆளுக்கொரு 100 மி.லி. பாட்டில் வாங்கி, புதிய சிரிஞ்சில் உறிஞ்சிப் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிடலாம்.

தண்ணீர்க் குழாய்

பல் மருத்துவ நாற்காலியில் உள்ள தண்ணீருக்கும் இதே சிக்கல் உண்டு. துளைகருவிக்கு நீர் கொண்டுவரும் குழாய்கள் மிக மெல்லியவை. இரவு முழுவதும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நீர் அவற்றில் அசையாமல் நிற்கிறது. உட்சுவரில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிகின்றன. வெளியே வரும் நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும்.

2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார். அதற்குக் காரணமான கிருமி அவர் சென்றிருந்த பல் மருத்துவமனையின் தண்ணீர்க் குழாயில் கண்டறியப்பட்டது. 2016இல் கலிபோர்னியாவில் பால் பற்களுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் பலருக்குத் தாடை எலும்பு வரை தொற்று பரவியது. அதுவும் நாற்காலியின் தண்ணீரிலிருந்து வந்ததே.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல்படி, சாதாரணப் பல் சிகிச்சைக்கான நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 பாக்டீரியாத் தொகுதிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 விநாடிகள் நீரையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஆனால் இதனால் குழாய்ச் சுவரின் படலம் போகாது. அதற்குக் குழாய்களைக் கிருமிநாசினியால் முறையாகச் சுத்தம் செய்ய வேண்டும். எலும்பைத் தொடும் அறுவை சிகிச்சைக்கு இந்த நீரையே பயன்படுத்தக் கூடாது.

கருவிகள்

கருவிகளை எவ்வளவு தூய்மைப்படுத்த வேண்டும் என்பதற்கு ஸ்பால்டிங் வகுத்த பிரிவுகள் இன்றும் அடிப்படை. எலும்பையும் திசுவையும் துளைக்கும் இடுக்கி, கத்தி போன்றவை முற்றிலும் கிருமி நீக்கப்பட வேண்டும். வாயின் மென்சவ்வைத் தொடும் கண்ணாடி போன்றவையும் வெப்பத்தைத் தாங்குமானால் அப்படியே. நாற்காலிக் கைப்பிடி, விளக்கின் பிடி ஆகியவற்றை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைத்தாலோ, உறையை மாற்றினாலோ போதும்.

ஆட்டோகிளேவில் வைப்பதற்கு முன் கருவியைக் கழுவி உலர்த்துவது அவசியம். காய்ந்த இரத்தத்தின் அடியில் இருக்கும் கிருமியை நீராவி எட்டாது. 121 டிகிரி செல்சியஸில், உறையிட்ட கருவிகளுக்குப் பொதுவாக 30 நிமிடங்கள் தேவை. கொதிநீரில் போட்டு எடுப்பது கிருமி நீக்கம் ஆகாது; அது ஸ்போர்களைக் கொல்லாது. உறையில் நிறம் மாறும் நாடாவும் வெப்பம் பட்டது என்று மட்டுமே சொல்லும். கிருமி உண்மையில் செத்ததா என்பதை அறிய, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஜியோபாசில்லஸ் ஸ்போர்களை உள்ளே வைத்து வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். பல இடங்களில் விடுபடுவது இந்தச் சோதனைதான். துளைகருவியை வெளியே ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்துவதும் தவறு. சுழற்சி நிற்கும்போது வாயிலுள்ள திரவத்தை அது சிறிதளவு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஊசிக் குத்து

ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாள்கள் உயிர்ப்புடன் இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு அந்நோய் உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகலாம். எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 விழுக்காடு. ஆகவே பல் மருத்துவமனையில் வேலை செய்பவர் அனைவரும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். துப்புரவுப் பணியாளரை இந்தக் கணக்கில் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஊசிக்கு மூடி போட வேண்டியிருந்தால், மூடியைத் தட்டில் வைத்து ஒரு கையாலேயே ஊசியை அதில் நுழைக்க வேண்டும்.

கழிவுகள்

இந்தியாவில் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 நடைமுறையில் உள்ளன. ஒரே ஒரு நாற்காலி உள்ள சிறிய பல் மருத்துவமனைக்கும் இவை பொருந்தும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும் தேவை.

இரத்தம் தோய்ந்த பஞ்சு, பிடுங்கிய பல், வெட்டி எடுத்த திசு ஆகியவை மஞ்சள் பையில் போகும், அவை எரிக்கப்படும். கையுறை, உமிழ்நீர் உறிஞ்சும் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு, பிளாஸ்டிக் சலைன் பாட்டில் ஆகியவை சிவப்புப் பைக்கு உரியவை. கிருமி நீக்கித் துண்டாக்கிய பின் இந்தப் பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் போகிறது. ஊசி, கத்தி அலகு, வேர் சிகிச்சைக்கான ஃபைல் ஆகியவை துளைபடாத வெள்ளைக் கலத்திலும், மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீலக் குறியிட்ட பெட்டியிலும் சேர வேண்டும். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது.

நிறங்களை மனப்பாடம் செய்வது எளிது. குழப்பம் வருவது அமால்கம் அடைத்த பல்லில்தான். பிடுங்கிய பல் என்பதால் கை தானாகவே மஞ்சள் பைக்குப் போகும். ஆனால் அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம். எரித்தால் அது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். எனவே அமால்கம் துண்டுகளையும் அது அடைத்த பற்களையும் இறுக்கமாக மூடிய தனிக் கலத்தில் சேர்த்துவைத்து, பாதரசக் கழிவைக் கையாள அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். கழுவு தொட்டியில் கொட்டினால் பாதரசம் சாக்கடையில் சேரும்.

வெள்ளைக் கலம் முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். வாய் வரை நிரம்பிய கலத்தில் இன்னும் ஓர் ஊசியைத் திணிக்கும்போதுதான் விரலில் குத்துகிறது. கறுப்புக் குப்பைப் பையில் தவறி விழுந்த ஊசியோ, பையைத் தோளில் போடும் நகராட்சித் தொழிலாளியின் முதுகில் குத்தும். அது யாருக்குப் போட்ட ஊசி என்பதை அறிய அவருக்கு வழியே இல்லை.