இடையறுந்த அழைப்பும் மீள முயலும் உறையும்

கணினியில் இயங்கும் செய்நிரலுக்கு, வட்டிலுள்ள கோப்பைத் தானே சென்று படிக்கும் ஆற்றலோ, வலையமைப்பின் வழியே தானே செய்தி விடுக்கும் ஆற்றலோ இல்லை. அவ்வாற்றல்கள் பணிசெயல் முறைமையின் கருவுக்கே உரியன. செய்நிரல் வேண்டுகோள் விடுக்கும். கரு அதனை நிறைவேற்றி விடை கூறும். இவ்வேண்டுகோள் முறைமை அழைப்பு எனப்படும். கோப்பைத் திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் என்பன யாவும் இத்தகைய அழைப்புக்களே. யுனிக்ஸ் மரபில் வந்த முறைமைகளில் இவ்வழைப்பு இடைநடுவே அறுபடுவதுண்டு. அறுந்ததை மீளத் தொடுப்பது எங்ஙனம் என்பதும், அப்பணியைச் சீ பிளஸ் பிளஸ் மொழியின் வார்ப்புருவொன்றிடம் ஒப்படைக்கும்போது கருதவேண்டியவை யாவை என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

அழைப்பு அறுபடுவதற்குக் காரணம் சைகையாகும். விசைப்பலகையிலிருந்து எழுத்து வருமெனக் காத்து, ஒரு செய்நிரல் படித்தல் அழைப்பில் உறங்கிக் கிடக்கின்றது என்க. அவ்வேளை, குறித்துவைத்த காலக்கெடு முடியலாம். பயனாளர் கொன்றோல்-சீ விசைகளை அழுத்தலாம். முனையச் சாளரத்தின் அளவு மாறலாம். இவை ஒவ்வொன்றும் செய்நிரலுக்குச் சைகையாய் அறிவிக்கப்படும். சைகையை ஏற்கும் சார்பொன்றைச் செய்நிரல் முன்னரே நியமித்திருப்பின், கரு அதன் உறக்கத்தைக் கலைத்து அச்சார்பை இயக்கும். சார்பு முடிந்தபின், பாதியில் நின்ற அழைப்பின் கதி யாது?

இவ்வினாவுக்கு இரு விடைகள் தோன்றின. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவான ஐ.ரி.எஸ். என்னும் முறைமை, செய்நிரலை அழைப்பின் வாயிலுக்கே பின்னகர்த்தி, சைகைப் பணி முடிந்ததும் அழைப்பு மீண்டும் நிகழுமாறு செய்தது. இடையூறு நேர்ந்ததைச் செய்நிரல் உணராது. ஆயின் அதற்குக் கருவினுள்ளே மிக்க நுட்பம் வேண்டியிருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் தொடங்கிய யுனிக்ஸ் வேறு வழியை மேற்கொண்டது. அது அழைப்பைக் கைவிட்டு, -1 என்னும் விடையைத் தந்து, ‘எர்னோ’ என்னும் மாறியில் ‘ஈ-இன்ரர்’ என்னும் வழுவெண்ணை இட்டுச் சென்றது. லினக்ஸில் அவ்வெண் 4 ஆகும். கரு எளிதாயிற்று, சுமையோ செய்நிரலாளன் தோளில் ஏறியது. றிச்சேட் கபிரியேல் 1991 இல் வெளியான கட்டுரையொன்றில் இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு, ஆக்கத்தின் எளிமையை முதன்மையாய்க் கொண்ட வழி பரவியமைக்குக் காரணம் கூறினார்.

1983 இல் வெளிவந்த பேர்க்கிலி யுனிக்ஸின் 4.2 ஆம் பதிப்பு, சில அழைப்புக்களைத் தானே மீளத் தொடங்கியது. அதுவும் முழுத் தீர்வன்று. காத்திருத்தலை முறிப்பதற்கென்றே காலக்கெடுச் சைகையை நியமித்த செய்நிரல்கள் இதனால் முறிக்கவியலாது இடர்ப்பட்டன. ஆதலின், மீளத் தொடங்குதல் வேண்டுமா அன்றா என ஒவ்வொரு சைகைக்கும் தனித்தனியே குறிக்கும் முறை பின்னர் நிலைபெற்றது. வேண்டுமெனக் குறித்தவிடத்தும், லினக்ஸில் ‘போல்’, ‘செலெக்ற்’, ‘நானோசிலீப்’ முதலிய அழைப்புக்கள் மீளத் தொடங்கா. மேலும், பிறர் செய்நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தற்கென நூலகம் எழுதுவோன், அச்செய்நிரல்களில் சைகைகள் எவ்வாறு நியமிக்கப்பட்டன என்பதை அறியான். எனவே ‘ஈ-இன்ரர்’ வரும் என்றே கொண்டு எழுதுதல் அவன் கடனாகும்.

பழைய வழக்கம், அழைப்பு நிகழும் இடந்தோறும் ஒரு சுற்றை எழுதுவதாகும்: விடை -1 ஆகவும் வழுவெண் ‘ஈ-இன்ரர்’ ஆகவும் இருக்கும் வரை மீள அழைக்க. நூறு இடங்களில் எழுதும்போது ஓரிடத்தில் மறத்தல் இயல்பு. அம்மறதி சோதனையில் வெளிப்படுவது அரிது. பயன்பாட்டில், எவரோ சாளரத்தை இழுத்துப் பெருப்பித்த கணத்தில், காரணம் தோன்றாத் தவறாய் வெளிப்படும். குனூ சீ நூலகம் இதற்கெனப் பெருமமொன்றைத் தருகின்றது. ஆயின் பெருமம் எழுத்துக்களை எழுத்துக்களால் மாற்றீடு செய்வதன்றி, வகைகளை ஆராயாது. சார்பு வார்ப்புருவோ, அழைக்கவேண்டிய செயலை ஏற்று, அதன் விடையின் வகையைத் தானே உணர்ந்து, தொகுப்பியின் சோதனைக்கு உட்பட்டு இயங்கும்.

அவ்வார்ப்புருவை அமைக்கும்போது நான்கு கருதவேண்டும். முதலாவது, விடையின் வகை மாறாதிருத்தல். படித்தல் அழைப்பு தரும் எண் பெரிதாகலாம். அதனைச் சிறிய முழுவெண்ணில் அடைத்தால் மதிப்புக் கெடும். இரண்டாவது, தோல்வியை அறியும் விதியை வெளியிலிருந்தும் கொடுக்க இடமிருத்தல். ‘குளொக் நானோசிலீப்’ என்னும் சார்பு -1 தருவதில்லை. வழுவெண்ணையே நேரே விடையாய்த் தரும். ஒரே விதியை எங்கும் பொருத்தின் இத்தகைய இடங்களில் உறை வாளாவிருக்கும். மூன்றாவது, ‘எர்னோ’வை அழைப்பு முடிந்தவுடனேயே நோக்குதல், இடையில் வேறொரு சார்பு அதனை மாற்றிவிடக்கூடும். நான்காவது, உள்ளீடுகளைச் சுற்றினுள் உடைமை மாற்றிக் கொடாதிருத்தல். முதன்முறை கொடுத்துத் தீர்ந்த பொருள் இரண்டாம் முறைக்கு வெறுமையாய் இருக்கும். 2011 ஆம் ஆண்டு நியமத்தில் வந்த பெயரில்லாச் சார்பினுள் அழைப்பைப் பொதிந்து கொடுப்பின், உள்ளீடுகள் அங்கேயே தங்கி ஒவ்வொரு முறையும் பயன்படும்.

இங்ஙனம் அமைந்த உறை சில வரிகளில் அடங்கும். ஆயினும் அதனை எவ்வழைப்பின்மீதும் போர்த்தலாம் எனக் கருதுவதே பேரிடர். வங்கியிற் பணம் கட்ட அனுப்பப்பட்டவன் “இடையில் தடை நேர்ந்தது” என்று மட்டும் கூறித் திரும்பினால், கட்டினானா இல்லையா என அறியாமல் இன்னொரு முறை பணம் கொடுத்தனுப்புவார் இலர். இதற்குக் கோப்பை மூடும் அழைப்பே தலையாய உதாரணமாகும். ஏழாம் இலக்கக் கோப்பை ஓர் இழை மூடுகையில் சைகை குறுக்கிடுகின்றது. லினக்ஸில், ‘ஈ-இன்ரர்’ என விடை வந்தாலும் அவ்விலக்கம் முன்னரே விடுவிக்கப்பட்டிருக்கும். அக்கணத்தில் இரண்டாம் இழை கணக்குப் பதிவேடொன்றைத் திறந்து, அதே ஏழாம் இலக்கத்தைப் பெறலாம். முதல் இழையின் உறை மூடுதலை மீள முயன்றால், மூடப்படுவது பிறனுடைய பதிவேடு. மூன்றாம் இழையொன்று வலையிணைப்பைத் திறந்து அவ்விலக்கத்தைப் பெறின், பதிவேட்டுக்குரிய கணக்குகள் அறியாதார் ஒருவருக்கு அனுப்பப்படும். எச்.பி. யூ.எக்ஸ். என்னும் முறைமையிலோ கோப்பு திறந்தே இருக்கும். அங்கு மீள முயலுதலே முறை. இவ்வேறுபாட்டைத் தீர்க்கும் நோக்குடன் 2024 ஆம் ஆண்டுப் பொசிக்ஸ் நியமம் மூடுதலுக்கெனத் தனிச் சார்பொன்றைச் சேர்த்தது. குரோமியம் உலாவியின் மூலநிரலிலும் மீள முயலும் உறை வேறு, ‘ஈ-இன்ரர்’ஐப் பொருட்படுத்தாது விடும் உறை வேறு எனப் பிரித்தே வைத்துள்ளனர்.

வலையில் இணையும் ‘கொனெக்ற்’ அழைப்பும் இத்தகையதே. அது அறுபட்டாலும் இணைப்பு முயற்சி பின்னணியில் தொடரும்; இணைப்பு எழுதத் தயாராகும் வரை காத்து, முடிவை வினவி அறிதலே தக்கது. எழுதும் அழைப்பு, ஆயிரம் எண்ணுண்டிகளில் நானூறு சென்றபின் அறுபடின், வழுவைத் தராது நானூறு என்றே விடை தரும். எளிய உறை அதனை முழு வெற்றியெனக் கொள்ளும். எஞ்சிய அறுநூறு போய்ச் சேரா. எனவே எஞ்சியதைக் கணக்கிட்டு எழுதும் உறை வேறாக வேண்டும். பத்து விநாடி காத்திருக்க என்னும் அழைப்பு ஒன்பதாம் விநாடியில் அறுபட, மீளவும் பத்து விநாடி கொடுப்பின் காத்திருப்பு பத்தொன்பதாகும்; சைகை இடையறாது வரின் முடிவே இராது. முடிவு நேரத்தைத் தொடக்கத்திலேயே பின்னோக்கிச் செல்லாக் கடிகாரத்திற் குறித்து, எஞ்சியதை ஒவ்வொரு முறையும் கணித்தல் வேண்டும்.

இறுதியாக, சைகை சிலபோது ‘நிறுத்துக’ என்னும் கட்டளையாகும். கொன்றோல்-சீக்குரிய சார்பு ஒரு கொடியை மாத்திரம் ஏற்றிவிட்டுத் திரும்ப, உறை கண்மூடி மீளப் படிக்கச் சென்றால், பயனாளர் எத்தனை முறை அழுத்தினும் செய்நிரல் அசையாது. ஆதலின், தொடரலாமா என வினவும் சார்பொன்றையும் ஏற்கும் இரண்டாம் வடிவம் வார்ப்புருவுக்கு வேண்டும். வினவியதற்கும் அழைத்ததற்கும் இடையே சைகை வருமாயின் அதுவும் தவறிப்போகும். அவ்விடைவெளியை அடைக்கவே ‘பீ-செலெக்ற்’ அழைப்பு உள்ளது. 2015 இல் வெளிவந்த பைதன் 3.5 இந்நெறிகளை மொழிக்குள்ளேயே அமைத்துக்கொண்டது: அழைப்பு அறுபடின் தானே மீள முயலும், சைகைச் சார்பு விதிவிலக்கை எழுப்பின் நிறுத்தும், காலக்கெடுவை மீளக் கணிக்கும், மூடுதலை மீள முயலாது.

எனவே, இவ்வுறையின் பயன் சுற்றைச் சுருக்கி எழுதுவதில் மாத்திரம் இல்லை. எவ்வழைப்பை மீள விடுத்தால் முன்னை வேண்டுகோளே தொடரும், எதனை விடுத்தால் புதிய வேண்டுகோள் பிறக்கும் என்னும் பாகுபாட்டை ஓரிடத்தில் நிறுத்தி, பெயரிட்டு, பின்வருவோர் பிழையாது காப்பதே அதன் பயனாகும்.