மல்லிகைக்குக் கடல்பாசிச் சாறு: வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க!

"செடி நல்லா தழைச்சிருக்கு, ஆனா பூவைக் காணோமே!" என்று கவலைப்படுகிறீர்களா? கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரு பாட்டில் கடல்பாசி டானிக்கைக் கையில் கொடுப்பார்கள். காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க.

பாசியில் என்ன இருக்கு?

ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள். உள்ளூரில் இதற்குப் 'பெப்சி பாசி' என்று பெயர். சுமார் 45 நாளில் அறுவடை. பச்சைப் பாசியைப் பிழிந்தெடுக்கும் சாற்றில் சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும், சாம்பல் சத்தும், நுண்ணூட்டங்களும் இருக்கின்றன. இவை வேர் பிடிக்கவும், பக்கக்கிளை வெடிக்கவும், வெயில், வறட்சியைத் தாங்கவும் செடிக்குக் கைகொடுக்கும். மல்லிகை புதுத்துளிரில்தான் மொட்டு வைக்கும். கிளை கூடினால் மொட்டும் கூட வாய்ப்பு உண்டு.

இது உரம் இல்லை!

தழை, மணிச்சத்து இதில் மிகக் குறைவு. எனவே தொழுவுரம், மண்புழு உரத்தை நிறுத்திவிடாதீர்கள். செடி நிழலில் இருந்தாலோ, தழைச்சத்து அதிகமாகி இலையாகவே வளர்ந்தாலோ, எத்தனை பாட்டில் தெளித்தாலும் பூ வராது. முதலில் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள், கவாத்து செய்யுங்கள்.

எப்படித் தெளிக்கணும்?

• மல்லிகையை நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, துளிர் வந்ததும் தொடங்கலாம்.
• அளவு, இடைவெளி இரண்டையும் லேபிளில் உள்ளபடியே பின்பற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பூ கிடைக்காது.
• காலையிலோ மாலையிலோ, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். உச்சி வெயிலிலும் மழை வரும் நேரத்திலும் வேண்டாம்.
• கடற்கரையில் ஒதுங்கிய பாசியை அப்படியே தொட்டியில் போடாதீங்க. அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும்.

பாட்டிலைப் பார்த்து வாங்குங்க

2021-இல் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 'உயிர்த்தூண்டிகள்' என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடல்பாசிச் சாறும் அதில் அடங்கும். தயாரிப்பாளர் முகவரி, தொகுப்பு எண், காலாவதித் தேதி இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். ரசீதைக் கேட்டு வாங்கி, லேபிளோடு சேர்த்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் செய்ய நேர்ந்தால் அதுதான் உங்கள் ஆதாரம்.

சந்தேகம் இருந்தால் உழவன் செயலியில் உங்கள் பகுதித் தோட்டக்கலை உதவி அலுவலரின் விவரத்தைப் பாருங்கள். அல்லது விவசாயிகள் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம்: 1800-180-1551.

கடைசியாக ஒன்று. எல்லாச் செடிக்கும் ஒரேயடியாகத் தெளிக்காதீங்க. பாதிச் செடிகளுக்கு மட்டும் தெளித்து, இரண்டு பக்கமும் மொட்டுகளை எண்ணிப் பாருங்கள். அடுத்த பாட்டில் வாங்கலாமா, வேண்டாமா என்பதை உங்கள் செடியே சொல்லிவிடும்.