மூவாயிரம் வோல்ட் முதியவர்

அரை நூற்றாண்டுக்கு முன் வீட்டு மேஜைகளில் கோர்க்கப்பட்ட ஹாம் ரேடியோ வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் மறுபடி உயிர் பெறுகின்றன. பழுதுபார்ப்பவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

"ஒரு கை எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும்." ஹாம் ரேடியோ வட்டாரத்தில் குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறும் முதல் பாடம் இதுதான். சோம்பேறிகளுக்குச் சொன்ன யோசனை அல்ல. இரண்டு கைகளும் கருவிக்குள் இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, இதயத்தைக் கடந்து, மறு கையில் இறங்கும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் கை பட்டு, உதறிக்கொண்டு தப்பியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பதோ 3,000 வோல்ட். அதில் கை வைத்துவிட்டுக் கதை சொல்லத் திரும்பியவர்கள் அபூர்வம்.

ஆனாலும் ஆசை விடுவதில்லை. 1960, 70களில் அமெரிக்காவில் பிறந்த இந்த இரும்புப் பெட்டிகள் பரண்களிலிருந்தும் கார் ஷெட்டுகளிலிருந்தும் இறக்கப்பட்டு, தூசு தட்டப்படுகின்றன. அரசு உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, பொழுதுபோக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் பேசுபவர்கள் ஹாம்கள். அவர்களது சாதாரணக் கருவி 100 வாட் சக்தியில் ஒலிபரப்பும். அதைப் பல மடங்கு பெருக்கித் தருவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. இதே வேலையைச் செய்யும் புதிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்குச் சில லட்சங்கள் எண்ணி வைக்க வேண்டும். பழசு கிடைத்தால் விடுவார்களா?

இந்த முதியவர்களில் அதிகம் பேசப்படுவது ஹீத்கிட் எஸ்பி-220. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஊரிலிருந்து வந்தது. ஹீத் கம்பெனியின் கதையே சுவாரசியமானது. தொடங்கியவரான எட்வர்ட் ஹீத் விற்றது ரேடியோ அல்ல, குட்டி விமானம். அதையும் உதிரி பாகங்களாக விற்றார்; வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும்! 1931இல் ஒரு சோதனைப் பறத்தலில் அவர் இறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவம் கழித்துவிட்ட மின்னணு உறுப்புகளை மலிவாக அள்ளிய புதிய நிர்வாகம், 1947இல் 39.50 டாலருக்கு ஆசிலோஸ்கோப் 'கிட்' ஒன்றை விற்றது. அதன் பிறகு ரேடியோ, டி.வி. என்று எல்லாமே பெட்டியில் உதிரியாக வந்தன. 1992இல் அந்தக் கடை மூடப்பட்டது.

1970 வாக்கில் சந்தைக்கு வந்த எஸ்பி-220இன் விலை 400 டாலருக்கும் குறைவு. ஆகவே இன்று கைக்கு வரும் ஒவ்வொரு எஸ்பி-220உம் தொழிற்சாலையில் அல்ல, யாரோ ஒருவரது வீட்டு மேஜையில் பிறந்தது. கட்டியவர் ஆசிரியரோ, கடைக்காரரோ, முதன்முதலாகச் சூட்டுக்கோலைப் பிடித்த கல்லூரி மாணவரோ. பற்று வைத்ததில் அவரவர் கைப்பக்குவம் தெரியும். கையேட்டின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் டிக் அடிக்க இடம் விட்டிருப்பார்கள். பென்சில் டிக்குகளோடு அசல் கையேடும் சேர்ந்து கிடைத்தால் பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். டிக் இருந்தும் பற்று வைக்க மறந்துபோன இணைப்புகள் ஐம்பது வருடம் கழித்துக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

பெட்டியின் இதயம், 3-500 இசட் என்ற இரண்டு கண்ணாடி வால்வுகள். வடிவமைத்தது கலிஃபோர்னியாவின் எய்மாக். 1934இல் அதைத் தொடங்கிய வில்லியம் ஐடலும் ஜாக் மெக்கல்லோவும் ஹாம்கள்தான். ஒவ்வொரு வால்வும் 500 வாட் வெப்பத்தைத் தாங்கும். இழையைச் சூடாக்க மட்டும் ஒரு வால்வுக்குக் கிட்டத்தட்ட 15 ஆம்பியர் வேண்டும். வேலை செய்யும்போது உள்ளே இருக்கும் தகடு இளஞ்சிவப்பாகக் கனலும். இருட்டில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே ஆம்ப்ளிஃபயர் வாங்கியதாக ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய பெட்டி வீட்டுக்கு வந்ததும் செய்யக் கூடாத காரியத்தைத்தான் பெரும்பாலோர் முதலில் செய்கிறார்கள். பிளக்கைச் சொருகி 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சுவிட்சைத் தட்டுவது. இருபது வருடம் தூங்கிய கருவி அந்த ஒரு நொடியில் செத்துப்போகலாம்.

முக்கிய எதிரி, எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். 3,000 வோல்ட்டைத் தேக்கி வைக்க, 450 வோல்ட் தாங்கும் எட்டு கண்டென்சர்களை ரயில் பெட்டிகள் போல வரிசையாக இணைத்திருக்கிறது ஹீத். சுமை சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் மேலும் 375 வோல்ட். சமமாகப் பிரிப்பது அவற்றின் குறுக்கே இருக்கும் 30 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். ஐம்பது வருடத்தில் கண்டென்சருக்குள் இருக்கும் ரசாயனம் காய்ந்துவிடும். ரெசிஸ்டர்களில் ஒன்று அறுந்தால் அதன் ஜோடிக் கண்டென்சர் தலையில் அளவுக்கு மீறிய வோல்ட்டேஜ் இறங்கும். பிறகென்ன, பட்டாசுதான். எட்டையும் ஒன்றாகக் கழற்றி எறிவதே விவேகம். கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்ற ஏழும் எப்போது வெடிக்கும் என்று காத்திருப்பதற்குச் சமம்.

புதுக் கண்டென்சர்கள் போடும்போது ரெசிஸ்டர்களையும் 100 கிலோ ஓமுக்கு மாற்றுவது வழக்கமான மேம்பாடு. காரணம் வெப்பம். பழைய எட்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து 37 வாட்டுக்கு மேல் வெறுமனே சூடாக்கிக்கொண்டிருந்தன, அதுவும் கண்டென்சர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து. புதியவை 11 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் இந்த ஆதாயத்துக்கு ஒரு விலை உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. சுவிட்சை அணைத்த பிறகு தேங்கிய மின்சாரத்தை வடிய வைப்பதும் இதே ரெசிஸ்டர்கள்தான். பழைய அமைப்பில் 25 விநாடியில் 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். 270 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 100 கிலோ ஓமும் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகும். பழைய பழக்கத்தில் அரை நிமிடம் எண்ணிவிட்டுக் கையை விட்டால், கிட்டத்தட்ட ஆயிரம் வோல்ட் உள்ளே காத்திருக்கும்.

மேல் மூடியைக் கழற்றினால் உயர் வோல்ட்டேஜ் தானாகவே பூமியோடு சேரும்படி ஹீத் ஒரு பாதுகாப்பு அமைத்திருந்தது. அரை நூற்றாண்டில் எத்தனை கைகள் மாறியதோ, அது இன்னும் வேலை செய்யும் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது. பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்து, பிறகு உலர்ந்த பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கட்டிய எர்த் கம்பியால் தொட்டுப் பார்த்து, அந்தக் கம்பியை அங்கேயே மாட்டிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள் அனுபவசாலிகள்.

அடுத்தது வால்வு வைத்தியம். பல வருடம் சும்மா கிடந்த வால்வுக்குள் மிகச் சொற்ப அளவில் காற்று கசிந்திருக்கும். அந்த நிலையில் 3,000 வோல்ட் கொடுத்தால் உள்ளே மின்னல் வெட்டும். அந்தக் காற்றை உறிஞ்சும் பொருள் தகட்டின் மேலேயே பூசப்பட்டிருக்கிறது என்பது 3-500 இசட்டின் விசேஷம். ஆனால் தகடு சிவக்கச் சூடானால்தான் அது உறிஞ்சும். நோயாளி ஓடினால்தான் நோய் தீரும், ஆனால் ஓடினால் விழுந்துவிடலாம் என்ற சிக்கல். எனவே படிப்படியாகப் போகிறார்கள். முதலில் இழையை மட்டும் எரியவிட்டுப் பல மணி நேரம். ஒரே சுவிட்சில் எல்லாம் ஓடும் கருவி என்பதால், இதற்காக உயர் வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பைக் கழற்றிவைக்க வேண்டும். பிறகு வேரியாக் மூலம் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் தகடு மங்கலாகச் சிவக்கும்வரை. மின்விசிறி நிற்காமல் சுற்ற வேண்டும். அதற்கும் எண்ணெய் விட்டு எத்தனையோ வருடமாகியிருக்கும்.

செத்துப்போனதாகக் குப்பைக்குப் போகும் வால்வுகளில் சில சாகாதவை. விசிறி சரியாகச் சுற்றாமல் வால்வின் கால்கள் சூடேறி, உள்ளே இருக்கும் ஈயப் பற்று இளகியிருக்கும். இழைக்கு மின்சாரம் போகாது. காலைச் சுத்தம் செய்து மறுபடி பற்று வைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். தூக்கி எறியுமுன் இதைச் சோதிக்காதவர் பணக்காரராகத்தான் இருக்க வேண்டும். இன்று புதிதாகக் கிடைக்கும் 3-500 இசட்டுகள் பெரும்பாலும் சீனத் தயாரிப்பு, விலையும் குறைவல்ல.

பழுது நீக்குவது ஒரு பக்கம் என்றால், புதிய காலத்தோடு ஒத்துப்போக வைப்பது இன்னொரு பக்கம். இதில் தவிர்க்கவே முடியாதது ரிலே. எஸ்பி-220ஐ ஒலிபரப்புக்கு மாற்றும் ரிலேயின் கம்பியில் 110 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கிறது. 1970இல் பிரச்சினை இல்லை, அன்றைய கருவிகளும் ரிலே வைத்தே அதைக் கையாண்டன. இன்றைய கருவியின் பின்னால் இருப்பது குறைந்த வோல்ட்டுக்கான சின்ன டிரான்சிஸ்டர். நேரடியாகக் கம்பியை மாட்டினால், லட்ச ரூபாய்க் கருவியை அரை நூற்றாண்டுக் கிழவர் ஒரு நொடியில் ஊமையாக்கிவிடுவார். இடையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட் போட்டால் தீர்ந்தது. செலவு சில நூறு ரூபாய்.

மெதுவான தொடக்கம் இன்னொன்று. குளிர்ந்த இழையும் காலியான கண்டென்சர்களும் சுவிட்ச் போட்ட கணத்தில் மின்சாரத்தை ஏகமாக உறிஞ்சும். முதல் ஓரிரு விநாடிகளுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகச் செலுத்தி, பிறகு ரிலே மூலம் நேரடியாக்கினால் வால்வும் சுவிட்சும் பிழைக்கும். உயர் வோல்ட்டேஜ் வழியில் 25 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், வால்வுக்குள் மின்னல் வெட்டினாலும் மின்சாரம் 120 ஆம்பியருக்கு மேல் போகாது. ரெசிஸ்டர் கருகலாம், மீட்டர்கள் தப்பிக்கும்.

இதற்கு மேல் போனால் சர்ச்சை. வால்வுகள் சம்பந்தமே இல்லாத உயர் அலைவரிசையில் தானாக ஊளையிடாமல் தடுக்க, தகட்டருகே சின்னச் சுருளும் ரெசிஸ்டரும் இருக்கும். அந்தச் சுருளைச் செம்புக் கம்பியில் சுற்றுவதா, நிக்ரோம் கம்பியில் சுற்றுவதா என்று 1980களின் இறுதியில் அமெரிக்க ஹாம்களிடையே கிளம்பிய வாக்குவாதம் பல வருடம் ஓய்வில்லாமல் நடந்தது. பழைய ரெசிஸ்டரின் மதிப்பு ஏறியிருந்தால் மாற்றுவது நல்லது என்பதில் மட்டும் இரு கட்சியும் ஒற்றுமை.

இந்தியாவில் கதை கொஞ்சம் மாறுகிறது. இங்கே வால்வு என்றால் பழைய ஹாம்களுக்கு நினைவு வருவது 807தான். போர் முடிந்து கழிக்கப்பட்ட சரக்கில் வந்த அந்த வால்வை வைத்து டிரான்ஸ்மிட்டர் கட்டிய தலைமுறை ஒன்று இருந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் 450 வோல்ட் கண்டென்சர் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 3-500 இசட் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2009இல் திருத்தப்பட்ட அமெச்சூர் சேவை விதிகள் பொது வகை உரிமத்துக்கு 400 வாட் உச்சவரம்பு வைத்தன. ஆயிரம் வாட்டைத் தாண்டும் எஸ்பி-220 இங்கே கடிவாளம் போட்ட குதிரை. 100 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போனால் எதிர்முனையில் ரிசீவரின் மீட்டரில் முள் ஏறுவது ஒரே ஒரு கோடு. ஆயிரம் வாட்டுக்கே போனாலும் இரண்டு கோடு முழுதாக ஏறாது. புயலடித்து மின்சாரம் போன ஊரில் ஆம்ப்ளிஃபயர் வெறும் இரும்பு. அங்கே பேசுவது கார் பாட்டரியில் ஓடும் 100 வாட் கருவி. 2004 டிசம்பரில் ஹாம் நிகழ்ச்சி ஒன்றுக்காக பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேர் போயிருந்த குழு, சுனாமி தாக்கியதும் அப்படியே அவசரத் தகவல் தொடர்பில் இறங்கியது.

இரைச்சலுக்குள் மூழ்கும் ஒரு தூரத்து அழைப்பைக் கரையேற்ற அந்த ஒரு கோடு போதும் என்பதும் ஹாம்களுக்குத் தெரியும். ஆகவே 3,000 வோல்ட்டுக்குப் பதில் 2,400 வோல்ட் தரும் மோர்ஸ் நிலையில் சுவிட்சை வைத்து, உள்ளீட்டைக் குறைத்து, 400 வாட்டுக்குள் ஓட்டுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் சூடாவதில்லை, கண்டென்சருக்குச் சுமை இல்லை. தகடுதான் சரியாகச் சிவப்பதில்லை. சிவக்காத தகடு காற்றை உறிஞ்சாது. அதனால் இந்தப் பெட்டிகளை நாள்கணக்கில் சும்மா போட்டுவைக்காமல் அடிக்கடி ஏற்றி, டம்மி லோடை மாட்டிக் கொஞ்ச நேரம் கனலவிடுகிறார்கள்.