கிணற்றில் விழுந்த மாட்டுக்கும் 101தான்

வீட்டுக்குள் நல்ல பாம்பு புகுந்துவிட்டது. பக்கத்து நிலத்துக் கிணற்றில் பசுமாடு விழுந்துவிட்டது. தென்னை மரத்தில் கதண்டு கூடு கட்டியிருக்கிறது, கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே எண்ணைத்தான் அழைக்க வேண்டும்: 101. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு இவை அன்றாட வேலை. மாட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவார்கள். பாம்பைப் பிடித்து வனத்துறையிடம் சேர்ப்பார்கள். வண்டுகள் கூட்டில் அடங்கிய பிறகு, பெரும்பாலும் இருட்டில், கதண்டுக் கூட்டை அழிப்பார்கள். தீப்பிடித்தால் மட்டும் கூப்பிடுகிற இடம் என்று நினைத்துக்கொண்டு, பாம்பைத் தடியால் அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் எத்தனையோ பேர்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஊரை ஒட்டி இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். மழைக்காலத்தில் 1077 என்ற எண்ணில் பேசும் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையும் அந்த நிர்வாகத்தைச் சேர்ந்ததே. 101, 1077 இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு வீட்டுக்கோ ஓர் ஆளுக்கோ வந்த ஆபத்து, இந்த நிமிடமே ஆள் வேண்டும் என்றால் 101. ஏரி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர், வரிசையாக மரங்கள் சாய்ந்து சாலை அடைப்பு, தாழ்வான பகுதி மக்களை வெளியேற்ற வேண்டும் என்றால் 1077. இவற்றுக்கு நீர்வளம், மின்சாரம், வருவாய் என்று பல துறைகளும் சேர்ந்து இறங்க வேண்டும். பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லையென்றால் 112.

தீயணைப்பு நிலையத்து வீரர்களால் மட்டும் முடியாத வேலை என்றால் அடுத்த படைகள் வருகின்றன. காவல்துறையினரைக் கொண்ட மாநிலப் பேரிடர் மீட்புப் படை ஒன்று. தேசியப் பேரிடர் மீட்புப் படை இன்னொன்று. 2004 சுனாமிக்குப் பின் வந்த 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி 2006-இல் உருவானது இது. இதன் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. இடிபாட்டுக்குள் உயிர் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் நாய்களும், கான்கிரீட்டை அறுக்கும் கருவிகளும் அவர்களிடம் உண்டு.

இந்தப் படைகள் எல்லாம் ஒரே இடத்தில் நின்றதைத் திருவண்ணாமலை பார்த்திருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. உள்ளே இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். ஜேசிபியைக் கொண்டுபோய் அள்ளிவிடலாமே என்று அன்று தூரத்திலிருந்து கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரிந்த மலைச்சரிவு நின்றுவிட்டதாகத் தோன்றினாலும் நிற்பதில்லை. ஊறிய மண் மழை பெய்யப் பெய்ய இளகிக்கொண்டே இருக்கும். கனமான இயந்திரத்தின் அதிர்வு, மேலே தொற்றி நிற்கும் பாறையையும் இறக்கிவிடலாம். குறுகலான ஏற்றத் தெருவில் அந்த இயந்திரம் ஏறுவதே கடினம். அடியில் யாராவது உயிரோடு இருந்தால் அதன் இரும்புக் கை அவர் மேலேயே இறங்கவும் கூடும். அதனால்தான் கடப்பாரையும் மண்வெட்டியும் கையுமாக, மழையில், தங்கள் தலைக்கு மேல் பாறை நிற்பது தெரிந்தே மீட்பு வீரர்கள் தோண்டினார்கள். அந்த நிதானத்தைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலச்சரிவு அபூர்வம். கிணறு அப்படியல்ல. பாறையை உடைத்துத் தோண்டிய ஆழக் கிணறுகள் நிறைந்த மாவட்டம் இது. கிணற்றில் தூர்வார இறங்கியவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற மகன் இறங்குகிறார். பிறகு பக்கத்து நிலத்துக்காரர். மூன்று உயிர் போன பிறகுதான் 101-க்கு அழைப்பு போகிறது. இந்தச் செய்தியை ஊர் பெயர் மட்டும் மாறி மாறி எத்தனை முறை படித்துவிட்டோம்!

நடப்பது இதுதான். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 21 விழுக்காடு. புழங்காத கிணற்றின் அடியில் இலைதழை அழுகி, கரியமில வாயு சேர்ந்து தங்கிவிடுகிறது. அது காற்றைவிடக் கனமானது, தானாக மேலேறிப் போகாது. ஆக்ஸிஜன் 10 விழுக்காட்டுக்கும் கீழே போனால் மூச்சுத் திணறும் முன்பே நினைவு தப்பும். அதனால்தான் விழுபவர் கத்துவதுகூட இல்லை. டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது. கழிவுநீர்த் தொட்டியில் இன்னும் மோசம். அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடியதும் மோந்து பார்க்கும் சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம்.

எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்கள் கையாண்ட சோதனை. விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது, அது சரி. ஆனால் அணையாமல் எரிந்தால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நச்சு வாயுவை விளக்கு காட்டிக்கொடுக்காது. மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று உருளையும் முகத்தில் கவசமும் மாட்டி, இடுப்பில் கயிற்றோடு, மேலே ஆள் நிற்கத்தான் இறங்குகிறார்கள். அவர்கள் வரும்வரை மேலே நிற்பவர் செய்யக்கூடியது: உள்ளே இருப்பவருக்கு நினைவு இருந்தால் கயிற்றை இறக்குவது, ஊதுகருவி கிடைத்தால் வெளிக்காற்றை உள்ளே செலுத்துவது, வேறு யாரையும் இறங்க விடாமல் தடுப்பது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது தகப்பனைப் பிடித்து நிறுத்த நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேராக நிற்பதும் மீட்புப் பணிதான்.

அழைக்கும்போது என்ன சொல்வது? புது மனைப்பிரிவுகளில் ஒரே பெயரில் இரண்டு நகர் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பள்ளியையோ கோயிலையோ அடையாளம் சொல்லுங்கள். கிணறு என்றால் ஆழம், தண்ணீர் உண்டா, விழுந்தவர் குரல் கொடுக்கிறாரா என்பதையும் சொன்னால், எந்தக் கருவியை எடுப்பது என்று அங்கேயே முடிவுசெய்வார்கள். ஒருவர் பிரதான சாலைக்கு வந்து நின்றால் வண்டி வழி தேடி அலையாது. சமையல் எரிவாயு கசிந்தால் அதற்குத் தனி எண் 1906. அந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் பரவும். மின்விசிறியைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து பேசுங்கள்.

வண்டியே போக முடியாத இடம் ஒன்று நம் கண்முன் நிற்கிறது: அண்ணாமலை. கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் தண்ணீர் வண்டி அடிவாரத்தோடு சரி. அங்கே வனத்துறையோடு சேர்ந்து உழைப்பவர்கள் ஊர்க்காரர்களும், ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை போன்ற அமைப்பினரும். கோடைக்கு முன்பே புல்லை அகலமாகச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். தீ அந்த வெற்றுத்தரையை எளிதில் தாண்டாது. பற்றிய தீயைப் பச்சைக் கிளைகளால் அடித்தே அணைக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்ததில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக இது நடக்கிறது. அந்த வாரத்தில் செயல்விளக்கம் காட்டுவார்கள். உங்கள் தெரு சங்கமோ பள்ளியோ நிலைய அலுவலரைப் போய்ப் பார்த்து ஒத்திகைக்குக் கேட்கலாம். கேட்கும்போது, எண்ணெய்ச் சட்டித் தீயை அணைத்துக் காட்டுவதோடு, கிணற்று மீட்பையும் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். வேங்கிக்காலைச் சுற்றியுள்ள நிலத்துக்காரர்களுக்கு அதுதான் முதலில் தேவை.