பேட்டில் உள்ள ‘ஆஃப்’ சுவிட்ச் இல்லீங்க!



மண்டலப் போட்டி வருவதால் நம் பள்ளியில் டேபிள் டென்னிஸ் ஆடும் பலர் புது பேட் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். “அண்ணே, கார்பன் பேட்தான் வேணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்” என்கிறான் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன். அதுக்காக அவன் அப்பா சீட்டுப் பணத்தை எடுக்கப் போகிறாராம். எடுப்பதற்குள் எழுதிவிடணும் என்றுதான் இந்தக் கட்டுரை.

பேட் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருள். கைப்பிடியோடு சேர்ந்த மரப்பலகைக்குப் பெயர் பிளேடு. அதன் இரு பக்கமும் ஒட்டுவது ரப்பர். தனித்தனியாக வாங்கினால், ரப்பர் தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிளேடு வருஷக்கணக்கில் உழைக்கும்.

பிளேடு பொதுவாக ஒரே பலகை கிடையாது. வீட்டு பிளைவுட் மாதிரி மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்வது. ஒவ்வொரு தகடும் ஒரு பிளை. பெரும்பாலும் 5 அல்லது 7 இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும், எண்ணிப் பாருங்கள். நடுவில் அயூஸ், கிரி போன்ற எடை குறைந்த மரம். வெளித்தகடு பல பிளேடுகளில் லிம்பா அல்லது கோட்டோ. லிம்பா கொஞ்சம் மெத்து, பந்து ஒரு கணம் ஒட்டி நிற்பது போலிருக்கும். கோட்டோ கெட்டி, பட்டதும் பந்து சட்டென்று கிளம்பிவிடும். ஜப்பானில் ஹினோக்கி என்ற மரத்தை ஒரே பலகையாகவே செதுக்கி, பேனா பிடிப்பது போல் பிடித்து ஆடுகிறவர்களுக்கு பேட் செய்வார்கள்.

இப்போ கார்பனுக்கு வருவோம். கார்பன் பேட் என்றால் முழுக்கக் கார்பன் என்று நினைத்துவிடாதீர்கள்! சர்வதேச விதிப்படி தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஒரு நார் அடுக்கு 0.35 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நோட்டுத் தாள் மூணு நாலு அடுக்கின கனம்தான்! ‘5+2’ என்றால் ஐந்து மரத் தகடு, இரண்டு நார் அடுக்கு. ‘ஏ.எல்.சி.’ என்பது அரிலேட் நாரும் கார்பனும் சேர்ந்தது. ‘இசட்.எல்.சி.’ சைலானும் கார்பனும்.

அந்த மெல்லிய அடுக்கு பலகையை விறைப்பாக்கும், வேகம் கூடும். சுழற்றி அடிக்கப் பழகிய கைக்கு அது வரம். நம்ம தம்பிக்கு இன்னும் பத்துக்கு நாலு பந்து மேஜைக்கு வெளியேதான் போகுது. வேகமான பலகை கொடுத்தால் ஆறு போகும். அவனுக்கு 5 பிளை மரப் பிளேடே போதும் என்பது என் கருத்து.

‘ஓ.எஃப்.எஃப்.’ என்று போட்டிருப்பது ‘அஃபென்சிவ்’, அதாவது தாக்கி ஆடுபவருக்கு. ‘டி.இ.எஃப்.’ தடுத்து ஆடுபவருக்கு. ‘ஆல்’ இரண்டுக்கும் நடுவில். பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் இன்னும் வேகம், கழித்தல் குறி இருந்தால் கொஞ்சம் மட்டு. ஒரு விஷயம்: இது கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். ஒருத்தர் ‘ஆல்’ இன்னொருத்தர் ‘ஆஃப்’ அளவுக்கு ஓடலாம்.

கைப்பிடிக்கு ‘எஃப்.எல்.’ அடியில் அகன்றது, ‘எஸ்.டி.’ நேரானது, ‘ஏ.என்.’ உள்ளங்கை வளைவுக்கு ஏற்றது. பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

ரப்பரில் ‘எஸ்.பி.’ குட்டைப் புள்ளி, ‘எல்.பி.’ நீளப் புள்ளி. நீளப் புள்ளி எதிராளியின் சுழற்சியை அவருக்கே திருப்பிவிடும். 2018 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ரா பேக்ஹேண்டில் வைத்து ஆடுவது இதைத்தான். பேட்டைச் சுழற்றிப் பிடித்து ஏமாற்றக் கூடாதே என்றுதான் இரு பக்கமும் வேறு வேறு நிறம். ஒரு பக்கம் கட்டாயம் கறுப்பு. மறுபக்கம் சிவப்பு மட்டுமில்லை, 2021 அக்டோபர் முதல் நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் செல்லும்.

வாங்கும்போது ரப்பரில் கைப்பிடி ஓரம் ‘ஐ.டி.டி.எஃப்.’ முத்திரை இருக்கா பாருங்கள். இல்லாவிட்டால் போட்டி அன்றைக்கு நடுவர் ஏற்க மறுக்கலாம்.

- பதினோராம் வகுப்பு மாணவன்